இறக்கினால் ஏறுவது யார்? கடலோர ஊராட்சி ஒன்றில் தலைவரை நீக்க நடந்த முயற்சி

மனுவின் முதல் வரியை நான்தான் எழுதிக் கொடுத்தேன். "எங்கள் ஊராட்சி மன்றத் தலைவரைத் திரும்ப அழைத்துக்கொள்ள அனுமதிக்குமாறு வேண்டுகிறோம்." கீழே நானூறுக்கும் மேற்பட்ட கையெழுத்துகள். பாதிக்கு மேல் பெண்களுடையவை, கணிசமானவை கைநாட்டு. முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், கடலில் சேதமான படகுக்கு நிவாரணம் என்று இருபது ஆண்டுகளாக மனு எழுதிப் பிழைப்பவன் நான். சட்டத்தில் இல்லாத ஒன்றை அந்த வரி கேட்கிறது என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. எழுதும்போது நன்றாக இருந்தது, எழுதிவிட்டேன்.

ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தின் 429 கிராம ஊராட்சிகளில் ஒன்று, பாக் நீரிணைக் கரையில் இருக்கிறது என்பது போதும். சம்பந்தப்பட்ட எல்லோரும் இன்னும் அங்கேயே குடியிருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் மொய் எழுதுகிறார்கள்.

ஊராட்சியில் மூன்று குடியிருப்புகள். கடலை ஒட்டி மீனவர் தெரு, அங்கே மூன்று வார்டுகள். அடுத்தது பள்ளிவாசல் தெரு, இரண்டு வார்டுகள். உள்ளே தள்ளிக் கண்மாய்க் கரையில் விவசாயக் குடியிருப்பு, நான்கு வார்டுகள். மொத்தம் ஒன்பது உறுப்பினர்கள். இந்த மூன்று, இரண்டு, நான்கு என்ற கணக்கை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் முடிவு அதில்தான் இருக்கிறது.

குழாயின் கடைமடை

வேலையில் தவறு செய்யும் அரசு ஊழியரைத் தண்ணீரில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று மிரட்டுவார்கள் அல்லவா, அந்தக் காடு எங்கள் மாவட்டம்தான். கரையோரத்தில் எங்கே தோண்டினாலும் உவர்நீர். மணலில் ஊற்றுத் தோண்டி அகப்பையால் அள்ளிக் குடம் நிரப்பிய தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. 2009-இல் காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபின் நிலைமை மாறியது. ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி மாறவில்லை.

இந்த ஊராட்சியில் காவிரிக் குழாய் முதலில் விவசாயக் குடியிருப்பின் தரைமட்டத் தொட்டிக்கு வருகிறது. அங்கிருந்து மோட்டார் வைத்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றித் தெருத்தெருவாகத் திறந்து விடுகிறார்கள். வாய்க்காலுக்கு மட்டுமல்ல, குழாய்க்கும் கடைமடை உண்டு. மீனவர் தெரு அந்தக் கடைமடை. முன்னால் இருக்கும் வீடுகள் சிறு மோட்டார் போட்டு உறிஞ்சிக்கொண்டால், கடைசித் தெருக் குழாயில் காற்றுதான் வரும். பெண்கள் குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் நடப்பார்கள்.

இது பல ஆண்டுக் கதை. 2022-இல் மட்டும் ஏன் வெடித்தது? எனக்குத் தோன்றும் காரணம் இது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்தத் தெரு ஆண்களில் பெரும்பாலோர் பக்கத்துத் துறைமுகங்களில் விசைப்படகுக் கூலிக்குப் போகிறவர்கள். தடைக்காலத்தில் வீட்டில் இருந்தபோது, அதுவும் பகல் முழுவதும் இருந்தபோது, குடிக்க ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டால் மனைவி எவ்வளவு நேரம் கழித்து வருகிறாள் என்று கண்ணால் பார்த்தார்கள். பெண்கள் பத்தாண்டாகச் சொன்னது காதில் விழாமல் இருந்தது. ஒரே கோடையில் விழுந்துவிட்டது.

மே 1 கிராம சபைக்குத் தெருவே வெறுங்குடங்களோடு போனது. கோரம் எனப்படும் குறைவெண் வரம்பு, 501 முதல் 3000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்கு 100 பேர். பல கூட்டங்களில் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அப்படியே உட்காரவைத்து அந்த எண்ணை நிரப்புவது வழக்கம். அன்று அதற்குத் தேவை இருக்கவில்லை.

தலைவர் ஒரு பெண். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் 2019 டிசம்பர் தேர்தலில் வென்று, 2020 ஜனவரி 6-ஆம் தேதி பதவியேற்றவர். முப்பதுகளில் வயது. கூட்டத்தில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் கணவர். கேள்வி தலைவரிடம் போனது, பதில் கணவரிடமிருந்து வந்தது. மீன் விற்கும் ஒரு மூதாட்டி எழுந்து, "ஓட்டுச்சீட்டில் இருந்தது அந்தப் பிள்ளையின் பெயர். நீ யாரப்பா?" என்றார். கூட்டம் சிரித்தது. கணவருக்கு முகம் கறுத்தது. தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். தீர்மானப் புத்தகத்தில் அன்றைய பதிவு "குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது" என்று ஒரு வரி.

ஊர்க்கமிட்டியில் பழகிய கை

திரும்ப அழைத்தல் என்ற எண்ணம் அந்தத் தெருவுக்குச் செய்தித்தாளில் படித்து வந்ததல்ல. அவர்களுடைய ஊர்க்கமிட்டியில் அது நடைமுறை. தலைக்கட்டு வரி வசூலித்துத் திருவிழா நடத்துவார்கள். முடிந்த மறுவாரம் கணக்கு வாசிக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பொருளாளர் பந்தல் செலவில் இடறினார். கணக்கு வாசித்த இரவே அவரிடமிருந்து பையையும் நோட்டையும் வாங்கிக்கொண்டு வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். மனு இல்லை, நோட்டீஸ் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. (அந்தக் கூட்டத்தில் பெண்களுக்கு இடம் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊர்க்கமிட்டியின் வேகத்தைப் புகழ்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.)

திருவிழாப் பொருளாளரை ஓர் இரவில் இறக்க முடிகிறது, ஊராட்சித் தலைவரை ஏன் முடியாது என்ற கேள்வியோடுதான் என் மேசைக்கு வந்தார்கள். எனக்கும் நியாயமாகவே பட்டது. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப்பட்டது. சில வாரங்களில் பதில் வந்தது. வாக்காளர்களின் மனுவை வைத்துத் தலைவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்கச் சட்டத்தில் இடமில்லை, குடிநீர்க் கோரிக்கை உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று இரண்டு வரிகள். கோபம் வந்தது. ஆனால் பதிலில் பிழை இல்லை.

205

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-ஐ அதன்பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். கிராம ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள், ஒன்றியக் குழுத் தலைவரை அதன் கவுன்சிலர்கள். உறுப்பினர்கள் ஏற்றிவைத்தவர்களை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் உறுப்பினர்களே இறக்கலாம். மக்கள் ஏற்றிவைத்தவரை மக்கள் இறக்க வழி எழுதப்படவில்லை. கிராம சபை எத்தனை தீர்மானம் போட்டாலும் தலைவரின் நாற்காலி அசையாது.

அசைப்பது பிரிவு 205. அதன் கதவு இரண்டு பேருக்குத்தான் திறக்கும். ஒருவர் ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியர், அவர் தாமாகவே நடவடிக்கை தொடங்கலாம். மற்றவர்கள் வார்டு உறுப்பினர்கள். மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் குற்றச்சாட்டுகளை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவர்களில் இருவர் அதை ஆட்சியரிடம் நேரில் கொடுக்க வேண்டும். ஆட்சியர் தலைவரிடம் விளக்கம் கேட்பார். விளக்கம் நிறைவாக இருந்தால் அத்தோடு முடிந்தது. இல்லையென்றால் விவகாரம் வட்டாட்சியருக்குப் போகும். அவர் குறைந்தது 7 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம் கூட்டி, உறுப்பினர்களின் கருத்தைப் பதிந்து ஆட்சியருக்கு அனுப்புவார். கருத்து என்றுதான் சட்டம் சொல்கிறது, தீர்ப்பு என்று சொல்லவில்லை. அதைப் பார்த்தபின் நீக்குவதா, கைவிடுவதா என்பது ஆட்சியரின் விருப்புரிமை. அவர் நீக்கினாலும் அரசு அந்த அறிவிக்கையை ரத்து செய்யலாம்.

நானூறு கையெழுத்துக்கு இதில் எங்கேயும் இடமில்லை. இது நிர்வாக ஒழுங்கு நடவடிக்கை. தலைவரை ஏறக்குறைய ஓர் அரசு ஊழியர்போல நடத்துகிறது.

இன்னொரு சிக்கல் சொல்லில் இருந்தது. தலைவர் சட்டத்தையோ விதியையோ உத்தரவையோ வேண்டுமென்றே மீறியிருக்க வேண்டும், அல்லது அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும். வேலை சரியில்லை, ஊருக்கு வருவதில்லை, முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதெல்லாம் வாக்காளருக்கு முழுமையான காரணங்கள். 205-க்கு அவை காரணமே அல்ல. மீனவர் தெருப் பெண் ஒருவர் கேட்டார்: "எங்கள் குடம் நிறையவில்லை என்று எழுதினால் போதாதா, சார்?" போதாது. எந்த விதி உடைந்தது என்று எழுத வேண்டும்.

ஆகவே குடத்தை விதியாக மொழிபெயர்க்கும் வேலை தொடங்கியது. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் உறுத்துகிற பகுதி இதுதான். மன்றக் கூட்டம் மாதக்கணக்கில் கூட்டப்படவில்லை என்பது முதல் குற்றச்சாட்டு ஆனது. மன்றத் தீர்மானம் இல்லாமல் தெருவிளக்குச் சாமான் வாங்கியது இரண்டாவது. வலை பின்னும் கூடத்துக்கு முழுத் தொகைக்கும் பில் போடப்பட்டும் கூரை இல்லாமல் நிற்பது மூன்றாவது. கிராம சபையில் வரவு செலவு வைக்காதது, பதிவேடுகளை உறுப்பினர்களுக்குக் காட்டாதது என்று பட்டியல் நீண்டது. குடிநீர் ஆறாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. காகிதத்தில் வலுவான குற்றச்சாட்டு முன்னால் வர வேண்டும் என்று நானே வரிசையை மாற்றினேன்.

கையெழுத்திட்ட ஏழு பேர்

மீனவர் தெருவின் மூவர், பள்ளிவாசல் தெருவின் இருவர். ஐந்து போதாது, குறைந்தது ஆறு தேவை என்று கணக்குப் போட்டார்கள். அப்போது வந்து சேர்ந்தவர்தான் துணைத் தலைவர், கூடவே அவருடைய ஆள் ஒருவர். இருவரும் தலைவரின் விவசாயக் குடியிருப்பையே சேர்ந்தவர்கள். ஏழானது. மீனவர் தெரு கொண்டாடியது.

துணைத் தலைவருக்குத் தண்ணீர்ப் பிரச்சினை கிடையாது, அவர் வீடு தரைமட்டத் தொட்டியிலிருந்து கூப்பிடு தூரம். அவருடைய வழக்கு வேறு. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது சட்டப் பிரிவு 188-இன் ஏற்பாடு. ஒருவர் கை மற்றவர் கையைக் கட்டிப்போடுவதற்காக வைத்தது. நடைமுறையில் என்ன ஆகிறது? பேவர் பிளாக் சாலை ஒப்பந்தம் யாருக்கு என்பதில் தலைவரின் கணவருக்கும் துணைத் தலைவருக்கும் முட்டிக்கொண்டது. துணைத் தலைவர் கையெழுத்தை நிறுத்தினார். மோட்டார் பழுதுபார்த்த கடைக்காரருக்குப் பணம் போகவில்லை, அவர் அடுத்த பழுதுக்கு வரவில்லை. மோட்டார் பாதி வேகத்தில் ஓடியது. கடைமடைக்குத் தண்ணீர் ஏறாததற்கு ஒரு காரணம் தலைவரின் அலட்சியம் என்றால், இன்னொரு காரணம் குற்றச்சாட்டில் முதல் கையெழுத்துப் போட்டிருந்தவர்.

இது எனக்குத் தெரிய வந்தபோது மனு ஆட்சியரிடம் போய்விட்டது. முன்பே தெரிந்திருந்தால் எழுத மறுத்திருப்பேனா? மறுத்திருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் குடத்தோடு நடந்தவர்கள்.

வெளி மாநிலங்களில்

இந்த நேரத்தில் ஊர் இளைஞர் ஒருவர் கைப்பேசியைக் காட்டி, மத்தியப் பிரதேசத்தில் மக்களே வாக்களித்து இறக்குகிறார்களே என்று கேட்டார். உண்மைதான். அங்கே முன்பிருந்த சட்டப்படி நகராட்சித் தலைவரை நீக்க, தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்களில் நான்கில் மூன்று பங்கினர் எழுதிக் கொடுத்தால், ஊர் முழுக்க வாக்கெடுப்பு நடக்கும். வாக்குச்சீட்டில் இரண்டு சின்னங்கள்: ஆள் அமர்ந்த நாற்காலி, காலி நாற்காலி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் குழப்பமில்லாத ஏற்பாடு. பதவியேற்று இரண்டு ஆண்டு முடியும்வரை இதைத் தொடங்க முடியாது என்று அப்போது இருந்தது. சத்தீஸ்கரும் அதே வழியைப் பின்பற்றியது. 2008 ஜூனில் நவாகட், குண்டர்தேஹி, ராஜ்பூர் என்ற மூன்று பேரூர்களின் தலைவர்களை மக்கள் வாக்களித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 2012 டிசம்பரில் ராஜஸ்தானின் மங்ரோலில் வாக்கெடுப்பு நடந்தபோது தலைவர் தப்பித்துக்கொண்டார். ஹரியானா 2020-இல் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீட்டையும் திரும்ப அழைக்கும் உரிமையையும் ஒரே திருத்தத்தில் கொண்டுவந்தது.

பார்க்கப் பார்க்க ஆசை வரும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மத்தியப் பிரதேச, சத்தீஸ்கர் நகரங்களிலும் முதல் சாவி கவுன்சிலர்களிடம்தான் இருக்கிறது. கடைசிப் பூட்டை மட்டும் மக்கள் திறக்கிறார்கள். எங்கள் ஊராட்சியில் அந்தச் சட்டம் இருந்திருந்தாலும் துணைத் தலைவரின் கையெழுத்தைத் தேடிப் போயிருக்கத்தான் வேண்டும்.

நீதிமன்றங்கள் இதில் மாநிலங்களின் கையைக் கட்டவில்லை. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த நகராட்சித் தலைவரை மன்ற உறுப்பினர்களே நீக்கலாம் என்று சட்டம் செய்தால் அது செல்லும் என்று 1992-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2010-இல் பானுமதி வழக்கில், ஊராட்சிகளைப் பற்றிய அரசமைப்புப் பகுதியில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் குறித்து ஒரு சொல்லும் இல்லை என்பதால் மட்டும் அது செல்லாததாகிவிடாது என்றது. யார் இறக்கலாம் என்பதைச் சட்டமன்றம்தான் எழுத வேண்டும். தமிழ்நாடு ஆட்சியர் என்று எழுதி வைத்திருக்கிறது.

அப்படி எழுதியது முழுத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதற்குத் தென்மாவட்ட வரலாறு காரணம். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகள் 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபின் பத்தாண்டுகள் என்ன பாடுபட்டன என்பது ஊரறிந்த செய்தி. வேட்புமனு போட ஆளில்லை. போட்டு வென்றவர்கள் பதவியேற்றதும் ராஜினாமா செய்ய வைக்கப்பட்டார்கள். 2006 வரை அங்கே ஒழுங்காக ஒரு தலைவர் அமர முடியவில்லை. மேலவளவில் 1997-இல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பெரும்பான்மைக் கையெழுத்தால் தலைவரை இறக்கலாம் என்ற விதி அந்த ஊர்களில் இருந்திருந்தால், ராஜினாமாவுக்கு மிரட்ட வேண்டிய சிரமம்கூட இருந்திருக்காது. சட்டப்படியே, சின்னம் வைத்தே செய்திருப்பார்கள். திரும்ப அழைக்கும் உரிமை வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒதுக்கீட்டு ஊராட்சிகளை என்ன செய்வது என்று சொல்லிவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்.

தண்ணீர் வந்த நாள்

இனிக் கதைக்குத் திரும்புகிறேன். குற்றச்சாட்டு போனபின் அதிகாரிகள் வந்து பதிவேடுகளைப் பார்த்தார்கள். அளவுப் புத்தகத்தில் கூடத்துக்குக் கூரை இருந்தது, கூடத்தில் இல்லை. ஆடுகள் படுத்திருந்தன. ஊராட்சி நிர்வாகம் முடங்கிவிட்டது என்று கண்டு, சட்டத்தின் 203-ஆம் பிரிவு தரும் அவசர அதிகாரத்தின்கீழ் காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம் தற்காலிகமாக வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மாற்றப்பட்டது. எங்கள் பக்கம் இதை 'செக் பவரைப் பிடுங்கிவிட்டார்கள்' என்பார்கள். தலைவருக்கு இது பதவி பறிபோவதைவிட அவமானம். பெயர்ப்பலகை இருக்கும், பேனாவுக்கு மட்டும் வேலை இருக்காது.

மோட்டார் கடைக்காரரின் பழைய பாக்கி தீர்ந்தது, மோட்டார் சரியானது. வால்வு திறக்கும் நேரம் தெருவுக்குத் தெரு எழுதி ஒட்டப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் மீனவர் தெருவின் கடைசிக் குழாயில், விட்டுவிட்டு என்றாலும், தண்ணீர் வந்தது. யாரும் பதவி இழக்கவில்லை. ஒரு கையெழுத்து இடம் மாறியது, அவ்வளவுதான்.

தண்ணீர் வந்தபிறகு மீனவர் தெருவில் வேறு பேச்சு தொடங்கியது. தலைவரை நீக்கிவிட்டால் இடைத்தேர்தல் வரும்வரை அந்த வேலையைப் பார்க்கப்போவது யார்? துணைத் தலைவர். இதை அவர்களிடம் சொன்னவன் நான்தான். சட்டப் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். அன்று இரவு வலைக் குவியல்களுக்கு நடுவே நடந்த கூட்டத்தில், வழக்கத்துக்கு மாறாகப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். கிராம சபையில் கணவரை மடக்கிய அதே மூதாட்டி சொன்னார்: "அவள் தண்ணீர் விடவில்லை. அவன் தண்ணீர் விட விடவில்லை. இவளை இறக்கி அவனை ஏற்றவா நான் கைநாட்டு வைத்தேன்?"

அதற்குச் சில நாள் முன்பு இன்னொன்று நடந்தது. நோட்டீஸுக்கு விளக்கம் எழுத வேண்டும் என்று தலைவர் என் மேசைக்கே வந்தார். தனியாக, பஸ்ஸில் வந்திருந்தார். குற்றச்சாட்டை எழுதியவன் நான் என்பது அவருக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். தெரிந்தும் வந்திருக்கலாம். எழுத முடியாது என்று சொல்லிப் பக்கத்து மேசை நண்பரிடம் அனுப்பினேன். காத்திருக்கும்போது கோப்பின் நகல்களைப் புரட்டிக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் சொன்னார்: "கையெழுத்துப் போட்ட பக்கங்களை இப்போதுதான் படிக்கிறேன், அண்ணா." அது குற்றத்தை ஒப்புக்கொண்டதா, குற்றமின்மையைச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. சட்டத்தின் கண்ணில் கையெழுத்து அவருடையது, ஆகவே குற்றமும் அவருடையது. கணவருக்கு நோட்டீஸ் அனுப்ப 205-இல் வழி கிடையாது. வாக்காளர்கள் இறக்க நினைத்த ஆள் உண்மையில் அவர்தான். அவரோ எந்தப் பதவியிலும் இல்லை.

ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம் நடந்தது. வட்டாட்சியர் தலைமை. நோட்டீஸையும் விளக்கத்தையும் படித்துக் காட்டினார். குற்றச்சாட்டின் நியாய அநியாயம் பற்றி அவர் பேசக்கூடாது, வாக்களிக்கவும் கூடாது. அன்று விவாதத்துக்கும் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார். வெளியே திண்ணையில் நாங்கள் ஐம்பது பேர் காத்திருந்தோம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஊர் முழுவதும் ஆறு மாதம் பேசித் தீர்த்த விஷயம், அலுவலகத்துக்குள் போனதும் ஊமையாகிவிட்டது.

நீக்கலாம் என்று நான்கு பேர்: துணைத் தலைவர், அவருடைய ஆள், பள்ளிவாசல் தெருவின் இருவர். வேண்டாம் என்று ஐந்து பேர்: முதலிலிருந்தே கையெழுத்திடாத இருவர், மீனவர் தெருவின் மூவர். குற்றச்சாட்டை மேலே கொண்டுபோனவர்களே அதைக் கீழே வைத்துவிட்டார்கள். பள்ளிவாசல் தெருக்காரர்கள் இதைத் துரோகம் என்றார்கள். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. கூரையில்லாத கூடம் அப்படியேதான் நின்றது, அதன் பணத்துக்குப் பதில் யாரும் சொல்லவில்லை, குடம் நிறைந்ததும் அடுத்த தெருவின் கேள்வியை மறந்துவிட்டீர்களே என்று கேட்டார்கள். மீனவர் தெருவிடம் பதில் இல்லை.

ஒன்பது பேரும் நீக்கச் சொல்லியிருந்தாலும் ஆட்சியர் கைவிட்டிருக்கலாம். ஒன்பது பேரும் வேண்டாம் என்றிருந்தாலும் நீக்கியிருக்கலாம். மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது என்று உத்தரவு வந்தது. கூடத்தின் தொகை தணிக்கை ஆட்சேபணையாகப் பதிவாகியது. சில மாதங்களில் காசோலை அதிகாரமும் திரும்பியது.

அதன்பின் தலைவர் வாரத்தில் இரண்டு நாள் அலுவலகத்தில் அமர்ந்தார். கணவர் கூட்டங்களில் முன் நாற்காலியிலிருந்து ஜன்னலோரத்துக்கு நகர்ந்தார், வெளியே போகவில்லை. துணைத் தலைவர் கையெழுத்துப் போட்டார், கேட்ட ஒப்பந்தத்தில் பாதி கிடைத்துவிட்டது என்று பேச்சு. வால்வு நேர அட்டை ஆறேழு மாதம் ஒழுங்காக இருந்தது. பிறகு ஒரு மழையில் நனைந்து கிழிந்தது, யாரும் மாற்றவில்லை.

2025 ஜனவரி 5-ஆம் தேதி எல்லோருடைய பதவிக்காலமும் ஒன்றாக முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. ஊராட்சி அரசு நியமித்த தனி அலுவலரின் பொறுப்புக்குப் போனது. 2016 அக்டோபர் முதல் மூன்றாண்டுக்கு மேல் இதே மாதிரி நடந்ததை ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. அந்தக் கோடையில் மீனவர் தெருப் பெண்கள் நான்கு பேர் என் மேசைக்கு வந்தார்கள். கடைசிக் குழாயில் மறுபடி காற்று வருகிறதாம். தாளை எடுத்து வைத்து, யார்மேல் எழுத வேண்டும் என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பழைய மனு உங்களிடம் இருக்கிறதா, சார்?" என்றார் ஒருவர். "அதில் எங்கள் தெருக்காரர் எல்லோருடைய கையெழுத்தும் இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்."